நம்ம ஊர்ப் பஞ்சு

ஒரு பிடி பஞ்சைக் கையில் கொடுத்தால் போதும், அது எந்த மண்ணில் விளைந்தது என்று அந்தக் காலத்தில் சொல்லிவிடுவேன். விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்து, பிரிந்த இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுபடியும் இழுத்து, என் கறுப்புக் கோட்டுக் கையின்மேல் வைத்துப் பார்ப்பேன். கோவில்பட்டிக் கரிசலா, எங்கள் பக்கத்துக் கம்போடியா ரகமா, வடக்கேயிருந்து ரயிலில் வந்ததா என்று இழையே சொல்லும். இருபத்து நான்கு வயதில் இப்படி ஒரு வித்தை கைவந்தால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும். எனக்கு வந்தது. பஞ்சைச் சொல்வதுபோல மனிதரையும் சொல்லிவிடலாம் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. பைக்காரா மின்சாரம் வந்தபிறகு கோயம்புத்தூரைச் சுற்றி மில்கள் மளமளவென்று எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் பஞ்சுக் கிடங்கில் எனக்கு வேலை. வரும் பஞ்சைப் பார்த்து, சரி என்றால் சீட்டில் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து விழுந்த பஞ்சுதான் உள்ளே போகும். ஆறு நாளும் மில்லுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சோமனூருக்கு வடக்கே இருந்த எங்கள் ஊர். பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன் என்பதால் அப்பா இல்லாத வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அண்ணன்தான் காட்டைப் பார்த்துக்கொண்டார்.

மில்லில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நாங்கள் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தோம். தெற்கத்திக்காரன் என்றால் அரிவாள். தஞ்சாவூர்க்காரன் என்றால் வெற்றிலையும் தூக்கமும். தெலுங்கு பேசுகிறவர் என்றால் மிளகாயும் கோபமும். மலையாளத்தான் என்றால் குடையும் பீடியும். எங்களுக்கு மட்டும் மரியாதை, உழைப்பு, நாணயம். இந்தப் பட்டியலை எழுதியவன் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரன் என்பது மட்டும் நிச்சயம்.

எங்களுக்கும் ஒருவர் சீட்டு ஒட்டிவைத்திருந்தார். மில்லை நடத்த வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மாஸ்டர் அவர். நாங்கள் பம்பாய்க்காரர் என்று சொல்வோம். அவருக்கு நாங்கள் எல்லோருமே மதராசி. பாலக்காட்டுக்காரர், பல்லடத்துக்காரர், பெல்லாரிக்காரர் என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. மதராசி மூன்று வேளையும் அரிசிச் சோறு தின்பான், தின்றுவிட்டுத் தூங்குவான் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் நெல்லுச்சோறு நோம்பிக்கு நோம்பி கண்ணில் படுகிற வஸ்து. மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும்தான். சோளக் களியைத் தின்றுவிட்டு விடியும்முன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கப் போகிற என் அண்ணனை ஒருநாள் இந்த மனிதரின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று மனதுக்குள் கறுவுவேன். கறுவிக்கொண்டே கிடங்குக்குத் திரும்பி, தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்து, ‘அவிங்க ஊரே அப்படித்தானுங்க’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட எனக்கு உறுத்தியதில்லை.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்பு அங்கே இருந்தவர் வைத்த வழக்கம், நான் அதைக் கேள்வி கேட்காமல் பின்பற்றினேன். வெளியூர்ப் பஞ்சு வந்தால் பேலின் இரும்புப் பட்டையை வெட்டி, அடுக்கடுக்காகப் பிரித்துக் கையால் உதறிப் பார்க்க வேண்டும். கல், கயிறு, கொட்டை எது இருந்தாலும் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கொட்டை நீக்கும் ஜின் பேக்டரிகளிலிருந்து மாட்டுவண்டியில் சாக்கு மூட்டைகளாக வரும் பஞ்சுக்கு அந்தச் சோதனை கிடையாது. மேலே ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்ப்பது, கையெழுத்துப் போடுவது, அவ்வளவுதான். ‘நம்ம ஊர்ப் பஞ்சுங்க, அதுல என்ன பாக்கறது’ என்போம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

பஞ்சை அடித்துத் தூசி போக்கும் மெஷினில் பஞ்சு போடுகிற ஆள் பாலக்காட்டுப் பக்கத்தவர். நாற்பது வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். காலையும் மாலையும் கையில் குடை. மழையே இல்லாத ஊரில் குடை எதற்கு என்று நாங்கள் சிரிப்போம். அவர் அதை வெயிலுக்குப் பிடித்தார். வெயிலுக்கும் குடை பிடிக்கலாம் என்கிற அறிவு எங்களில் ஒருவருக்கும் இல்லை. அவருடைய பெயர் ஆஜர்ப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை. மலையாளத்தான் என்றால் அவர்தான்.

நெருப்புப் பிடித்தது ஒரு புதன்கிழமை முற்பகல். நான் முற்றத்தில் வண்டி இறக்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கூச்சல், அப்புறம் ஜன்னல் வழியாக மஞ்சள் புகை. நாங்கள் மணல் வாளிகளோடு ஓடினபோது அவர் மெஷினின் பெல்ட்டைத் தள்ளி நிறுத்திவிட்டு, அதன் வாயிலிருந்து எரிகிற பஞ்சை வெறும் கையால் வாரி வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கணம் தாமதித்திருந்தால் நெருப்பு குழாய் வழியாக அடுத்த அறைக்குப் போயிருக்கும். அரை மணியில் அணைந்தது. மெஷினின் ஒரு பக்கம் கருகிப்போனது, கூரை கறுத்தது, யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் வெந்துபோயிருந்தன. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ சொன்னார், இரும்பு என்கிற மாதிரி காதில் விழுந்தது. யாரும் நின்று கேட்கவில்லை.

மாஸ்டர் வந்தார். எப்படிப் பிடித்தது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். அறையில் யார் இருந்தது என்றார். இந்த ஆள் ஒருவர்தான் என்றேன். அது உண்மை. அங்கே நிறுத்தியிருக்கலாம். ‘அவர்கள் ஊர்க்காரர்களுக்குப் பீடி இல்லாமல் முடியாது, சார்’ என்று இன்னொரு வாக்கியமும் சொன்னேன்.

அவர் பீடி குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதைச் சொன்ன நேரத்தில் என் வேட்டி மடியில் ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தன. பீடி, தீப்பெட்டி உள்ளே வரக்கூடாது என்பது மில்லின் சட்டம். வாசலில் காவல்காரர் தடவிப் பார்த்துத்தான் விடுவார். என்னைத் தடவிப் பார்க்கமாட்டார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர், என்னை எதற்குத் தடவ வேண்டும். மத்தியானத்தில் கக்கூஸுக்குப் பின்னால் நின்று நான் இரண்டு பீடி குடிப்பது கிடங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பாதிப் பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பீடி என்ற வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் மடியின் ஞாபகமே வரவில்லை.

அன்று மாலையே அவரை நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் கிளார்க் வெளியே வந்து, ‘நாளையிலிருந்து வர வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க’ என்றார். எங்கள் ஊரில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதானாலும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லித்தான் தள்ளுவோம்.

மறுநாள் காலை மெஷினைக் கழற்றினார்கள். உள்ளே சுழலும் இரும்பு அலகு ஒன்றில் புதிதாக ஒரு பள்ளம், வெள்ளி மாதிரி மின்னியது. பிட்டர் அதைப் பார்த்துவிட்டு, தேய்த்துச் சமமாக்க அரத்தை எடுத்தார். நான் எதற்கோ குனிந்து, அடியில் கழிவு விழும் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். கரிந்த பஞ்சுக்குள் கனமாக ஒன்று தட்டுப்பட்டது. மாட்டு லாடம். பிறை மாதிரி வளைந்த சின்னத் தகடு, ஒரு முனை நசுங்கி, ஓர் ஆணி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பேல் கட்டி ரயிலில் வருகிற பஞ்சில் லாடம் வர வழியில்லை. ஜின் பேக்டரி முற்றத்தில் மாடு நிற்கிற இடத்திலேயே பஞ்சைக் குவித்துச் சாக்கில் அடைக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில்தான். புதன்கிழமை மெஷினுக்குப் போன பஞ்சு முழுவதும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரே வண்டித் தொகுதி. அதன் சீட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. இரும்பு அலகில் இரும்பு பட்டால் தீப்பொறி பறக்கும், பஞ்சு பிடிக்கும். இதை அறிய மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை. நான் லாடத்தைத் துடைத்து, பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் மடியில் செருகிக்கொண்டேன்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். வழியில் மட்டுமா. அந்த வாரம் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு கரிசல் பஞ்சைக் கம்போடியா என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர்க் குளம்வரை மிதிப்பேன், அங்கே இறங்காமலே திரும்புவேன். மெஸ்ஸில் இலை போட்டுச் சாதம் வைத்தபின் பசியில்லை என்று எழுந்து போய், அரைமணி கழித்து மறுபடியும் வந்து உட்காருவேன். மெஸ்காரர், ‘ஏனுங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா’ என்று கேட்டார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

தினமும் காலை சங்கு ஊதுவதற்கு முன்னால், வேலை போன அந்தப் பாலக்காட்டுக்காரர் மில் வாசலுக்கு வந்துவிடுவார். இரண்டு கைகளிலும் துணிக்கட்டு. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார். யாரிடமும் கெஞ்சவில்லை. எல்லோரும் உள்ளே போனபிறகு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கேட்டைத் தாண்டும்போது நான் சைக்கிளின் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போவேன்.

அதோடு போகவில்லை. என் ஒரு வாக்கியம் மில்லுக்குள் தானாக நடந்து வேலை செய்துகொண்டிருந்தது. வாசலில் இரண்டு வரிசை வந்தது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒன்பது பேருக்குத் தனி வரிசை. முண்டின் மடிப்பை அவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் வயதானவர், இன்னொருவர் மில்லிலேயே நல்ல வேலைக்காரர் என்று மாஸ்டரால் புகழப்பட்டவர். நாங்கள் மற்ற எல்லோரும் பக்கத்திலேயே வேறு வரிசையில் பேசிச் சிரித்துக்கொண்டு நடந்தோம். வேலை கேட்டு வந்த இரண்டு புது ஆட்களிடம் கிளார்க் முதலில் ஊரைக் கேட்டார், வாளையாறுக்கு அந்தப் பக்கம் என்றதும், ‘இப்ப ஆள் வேண்டியதில்லீங்க’ என்று அனுப்பினார். என் லாடம் அப்போது என் இடுப்பில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் தொண்டுப்பட்டியில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். லாடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘நம்மூரு லாடக்காரன் அடிச்சதுதாண்டா’ என்றார். ‘அதுக்கென்ன இப்ப?’

‘அந்த ஆளுக்கு வேலை போயிருச்சுங்கண்ணா.’

‘அதுக்கு நீ என்னத்துக்கு வாயத் தொறக்கற? லாடம் உழுந்தா உழுந்துச்சு. நம்மூருப் பஞ்சுக்கு ஒருக்கா கெட்ட பேரு வந்துபோட்டா அப்புறம் எவன் வாங்குவான்? மலையாளத்தானுக்கு மில்லா இல்ல? இது போனா இன்னொண்ணு.’

‘எந்த மில்லுலீங்கண்ணா சேத்துவாங்க? பீடி குடிச்சு நெருப்பு வெச்சவன்னு பேராயிருச்சு.’

‘பேரு வெச்சது ஆரு?’

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் லாடத்தை என் கையில் போட்டுவிட்டு, ‘செய்யறதச் செய், என்னயக் கேக்காத’ என்று தொட்டிப் பக்கம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் காட்டுப் பஞ்சும் அதே ஜின் பேக்டரிக்குத்தான் போனது. விலை குறைந்தால் என் தங்கையின் கல்யாணம் தள்ளிப்போகும் என்பதும் எனக்குத் தெரியும். சைக்கிளைத் திருப்பி மிதித்தபோது எதிர்க்காற்று. அன்று முழுதும் காற்றையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்னும் ஒரு வாரம் ஓட்டினேன். வேறு வார்த்தை இல்லை, ஓட்டினேன். நாளைக்குச் சொல்லலாம், சம்பளம் ஆகட்டும், மாஸ்டர் நல்ல முகமாக இருக்கும் நாளாகப் பார்த்து. வியாழக்கிழமையோடு அவர் வாசலுக்கு வருவது நின்றது. வேப்பமரத்தடி காலியாக இருந்ததைப் பார்த்து முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகாமல் போத்தனூருக்குப் போனேன். ரயில்வே லைனை ஒட்டிய ஓட்டு வீடுகளில் அவர் குடியிருக்கிறார் என்று அந்த ஒன்பது பேரில் ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தேன். ஏன் கேட்கிறேன் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை, இடத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

வாசலில் நான் சைக்கிளை நிறுத்தியதும் அவர் எழுந்து, ‘வாங்க’ என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, ‘வாங்க’ என்றார். பின்னால் இரண்டு பெண் குழந்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ‘வாங்க’, ‘வாங்க’. எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். வீட்டுக்கு வந்தவரை வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க என்று கேட்க வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் வந்தவர் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார். எங்கள் நடுவில் குடியிருந்து, எங்கள் ரோஷம் எதில் இருக்கிறது என்று பார்த்து, குழந்தைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றாவது எனக்குத் தெரியுமா என்று யோசித்தேன். குடையும் பீடியும்தான் தெரியும்.

அந்த அம்மாள் ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், அப்புறம்தான் அது அவர்கள் தினமும் குடிக்கிற தண்ணீர் என்று தெரிந்தது. அவர் என்ன சாதி என்று நான் அதுவரை கேட்டுக்கொண்டதில்லை, மலையாளத்தான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அரைக் கணம் அந்த யோசனையும் ஓடியது. ஓடியது என்பதை மறைக்கவில்லை. குடித்தேன்.

பிறகு லாடத்தை எடுத்துப் பாயின்மேல் வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கைக்கட்டு அவிழ்ந்து, உள்ளங்கையில் தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக இருந்தது. லாடத்தைத் தொடவில்லை.

‘சத்தம் கேட்டப்பவே எனக்கு மனசிலாச்சு’ என்றார். ‘இரும்புதான்னு.’

‘அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே.’

‘சொன்னேனே. ஆரும் கேக்கலை.’

‘மறுபடியும் சொல்லியிருக்கலாமுங்க. நீங்க வாசல்ல நின்னப்ப. மாஸ்டர்கிட்ட.’

என் குரலில் கோபம் இருந்தது. அவர்மேல் எனக்கு என்ன கோபம். ஆனால் இருந்தது.

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். ‘எங்க ஊர்க்காரங்க அந்த மில்லிலே ஒம்பது பேர் உண்டு. நான் சத்தம் போட்டா, மலையாளத்தான் சண்டைக்காரன்னு பேராகும். கோயம்புத்தூர்ப் பஞ்சிலே இரும்புன்னு சொன்னா, தப்பையும் பண்ணிட்டு ஊரையும் பழிக்கறான்னு பேராகும். சும்மா இருந்தா என்னோட வேலை மட்டும்தானே போகும்னு நெனச்சேன்.’ ஜன்னல் பக்கம் பார்த்தார். ‘அதுவும் நடக்கலை. அவங்களையும் தனியா நிக்க வச்சாச்சு.’

நான் ஒரு தப்புச் செய்தால் என் தலையோடு போகும். அவர் தும்மினாலும் ஒன்பது பேருக்குச் சளி என்பார்கள். இரண்டு வருஷமாக அந்த மனிதர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நான் வைத்திருந்த பெயர் அழுத்தக்காரர்.

அந்த நேரத்தில்தான் கேட்டேன். ‘நீங்க பீடி குடிப்பீங்களா?’

அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். ‘இவருக்கு மூச்சுமுட்டு உண்டு. அடுப்புப் புகை பட்டாலே ராத்திரி உறக்கம் இல்லை. கேக்கறதுக்கு இப்பத்தான் தோணிச்சா?’

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறைந்திருக்கலாம். நான் எழுந்து நின்று, அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான்தான் என்றேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்களோடு நின்ற கூட்டத்தில் அவருடைய ஊர்க்காரர் ஒருவருக்கும் இங்கிலீஷ் புரியும் என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தும் நான்கு பேரும் வாங்க என்று கேட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மாஸ்டர் அறைக்குப் போய் லாடத்தை மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிடங்கு வழக்கம், என் கையெழுத்து, மெஷின் அலகில் இருந்த பள்ளம், அந்த ஆள் ஜன்மத்தில் பீடி தொட்டதில்லை என்பது. அவர் லாடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

‘ஆக, உங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் பஞ்சோடு மாட்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறார்கள்’ என்றார். ‘மதராசி எதையும் திறந்து பார்க்கமாட்டான். இந்த ஊரே இப்படித்தான்.’

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று கத்தினேன். ‘சார், திறந்து பார்க்காதவன் நான். கையெழுத்து என்னுடையது. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். என் ஊரை எதற்கு இழுக்கிறீர்கள்? என் ஊர் உங்களுக்கு என்ன செய்தது?’

கத்தி முடித்தபின் என் காதில் அது விழுந்தது. தப்பு என்னுடையது, என்னை மட்டும் திட்டு என்று கேட்க எனக்கு வாய் இருந்தது. தப்பே செய்யாத அந்த மனிதருக்கு அதைக் கேட்கக்கூட யாரும் இடம் வைக்கவில்லை. மாஸ்டர் முன்னால் கண் கலங்கக்கூடாது என்று சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். லாடத்தை மேஜையில் தட்டிக்கொண்டே, ‘என்னை இங்கே எல்லோரும் பம்பாய்க்காரன் என்கிறீர்கள்’ என்றார் எரிச்சலோடு. ‘பம்பாயில் நான் வேலைதான் பார்த்தேன். சூரத்தில் பிறந்தவன். இரண்டு வருஷத்தில் ஒரு ஆள் கேட்டதுண்டா?’ கேட்டதில்லை. ‘போ’ என்றார், ‘அந்த ஆளை வரச் சொல்லு. நீ இனி பஞ்சு பார்க்க வேண்டாம், முற்றத்தில் வண்டி இறக்குவதைப் பார்.’

அன்றிலிருந்து எல்லா ஊர்ப் பஞ்சையும் பிரித்து உதறிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அது நியாயம். எங்கள் ஊர்ப் பஞ்சில் கல்லும் கயிறும் மற்ற ஊர்ப் பஞ்சில் இருந்த அளவுக்கே இருந்தன, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணன் ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தங்கை கல்யாணம் ஒரு வருஷம் தள்ளித்தான் நடந்தது.

ஆனால் வாசலில் இரண்டு வரிசையும் அப்படியே இருந்தன. அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாரம் புதன்கிழமை அவர் வேலைக்குத் திரும்பி வந்தார். கக்கத்தில் குடையோடு நேராகப் போய் அந்தத் தனி வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் போய் அவருக்குப் பின்னால் நின்றேன். பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் அன்று வேண்டுமென்றே மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மடிப்பை அவிழ்த்து உதறிவிட்டு உள்ளே போய், கேட்டுக்குள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவரும் உதறிக் காட்டினார். என் முறை வந்ததும் காவல்காரர் சங்கடமாகச் சிரித்தார்.

‘தம்பி, நீங்க அக்கட்டால போங்க. இது அவிங்களுக்குங்க.’

‘என்னையும் பாருங்கண்ணா.’

‘சங்கு ஊதற நேரத்துல வெளயாடாதீங்க தம்பி.’

‘வெளயாடலீங்க. பாருங்க.’

சாங்கியத்துக்குத் தொடுவதுபோல என் இடுப்பில் கை வைத்தார். கை நின்றது. மெல்ல எடுத்தார். பீடிக்கட்டு, தீப்பெட்டி இரண்டும் அவர் உள்ளங்கையில் இருந்தன. சுற்றிலும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டென்று அவற்றை என் கையில் திணித்து, என் விரல்களை மூடிவிட்டு, காதோடு சொன்னார்.

‘உள்ள வெச்சுக்குங்க தம்பி. ஆராச்சும் பாத்துப்போடுவாங்க.’

கேட்டுக்குள் அந்த ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள். அவரும் நின்றிருந்தார், புதுத் தோல் வந்த கையில் குடையைப் பிடித்துக்கொண்டு. நான் மூடியிருந்த கையைத் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காவல்காரர் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் அதை வாங்குகிறவரை நகரவில்லை.